மச்சினன் எழுதிய சிவிக்ஸ் பரீட்சை

60 வயது ஆகிவிட்டால் ஆஸ்திரேலியாவில் குடியுரிமைப் பரீட்சை எழுத வேண்டியதில்லை. என் மச்சினனுக்கு 58. இன்னும் இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் நோகாமல் குடிமகன் ஆகிவிடலாம் என்று கணக்குப் போட்டுக் காத்திருந்தான். கோலார் தங்கவயலில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியபோதே சிவிக்ஸ் கேள்விகளைத் தொடாமல் எழுந்து வந்தவன் அவன். நாலு மார்க்குக்காக அரசியலமைப்பைத் தொந்தரவு செய்வானேன் என்கிற பெருந்தன்மை.

வீட்டில் விடவில்லை. பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள் எல்லோரும் முன்பே எழுதிப் பாஸாகிவிட்டார்கள். ஊருக்கு வந்து திரும்பும்போதெல்லாம் பெர்த் விமான நிலையத்தில் அவர்கள் ஒரு வரிசையில் விறுவிறுவென்று போய்விடுவார்கள். இவன் மட்டும் இன்னொரு வரிசையில், நாலு பேருடைய கைப்பைகளையும் மாட்டிக்கொண்டு நிற்பான். சின்னவள் ஒரு நாள் திரும்பிப் பார்த்து, "அப்பா மட்டும் ஃபாரினர்" என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். அன்று ராத்திரியே எனக்குப் போன்.

"மாமா, நீங்கதான் என்னைத் தேத்தி விடணும்."

நான் பாரத் கோல்டு மைன்ஸில் டைம் ஆபீஸ்காரன். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை இழுத்து மூடும்வரை ஷிப்டுக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று குறித்துக்கொண்டே காலம் தள்ளியவன். அதனால் அடுத்தவனைக் கேள்வி கேட்கிற உரிமை எனக்குப் பிறவியிலேயே உண்டு என்பது மச்சினனின் அபிப்பிராயம். அதைவிட முக்கியம், என் இங்கிலீஷ் அவனுக்குப் புரியும். பரீட்சை இங்கிலீஷில்தான். பெர்த்காரர்கள் பேசுகிற இங்கிலீஷையோ அவன் இத்தனை வருஷமாகத் தலையை ஆட்டியே சமாளித்து வருகிறான்.

பாடப்புத்தகம் ஒன்றுதான். 'அவர் காமன் பாண்ட்' என்று அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது. அதிலிருந்து 20 கேள்வி, 45 நிமிஷம், 15 சரியாக இருந்தால் பாஸ். இதுவரை நியாயம். ஆனால் 2020 நவம்பரிலிருந்து ஒரு கொக்கி வைத்திருக்கிறார்கள். அந்த 20-இல் ஐந்து கேள்வி ஆஸ்திரேலிய விழுமியங்களைப் பற்றியது; பேச்சுரிமை, சமத்துவம், சட்டத்தை மதிப்பது, இந்த மாதிரி. அந்த ஐந்தும் ஐந்துக்கு ஐந்து இருக்க வேண்டும். அதில் ஒன்று போனால் மொத்தமும் போச்சு. 20-க்கு 19 வாங்கியவன் ஃபெயிலாகிற பரீட்சையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

இங்கே சாயங்காலம் ஆறு மணி என்றால் பெர்த்தில் எட்டரை. அவன் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காருவான். நான் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேள்வியைப் படிப்பேன். வகுப்பு முதலில் வீட்டில்தான் நடந்தது. கணவனுக்கும் மனைவிக்கும் சம உரிமை உண்டா என்கிற கேள்வி வரும்வரை நடந்தது.

"உண்டு," என்றான் மச்சினன், பட்டென்று.

சமையல்கட்டிலிருந்து என் வீட்டுக்காரி குரல் வந்தது. "டேய், அது பரீட்சைக்கு மட்டுமா, வீட்டுக்கும் சேத்தா?"

"வீட்டுக்கும் சேத்துதான்கா. புக்குல போட்டிருக்கு."

"அப்ப அந்த புக்கை உங்க மாமாவுக்கும் ஒண்ணு அனுப்பி வை. கடைசியில பரீட்சை நான் வெச்சுக்கிறேன்."

மறுநாள் வகுப்பு டீக்கடைக்கு மாறியது. லைன் வீட்டுக்குள் சிக்னல் சரியாக வருவதில்லை என்று காரணம் சொல்லிக்கொண்டேன். பொய்யும் இல்லை.

ஆண்டர்சன்பேட்டை டீக்கடை பெஞ்சில் ஒரு போனை ஸ்பீக்கரில் போட்டால் அது தனி உரையாடலாக இருக்காது. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் டிரில் பிடித்து ரிட்டயரான ஒரு பெரியவர், எல்.ஐ.சி. ஏஜெண்ட், ஸ்வர்ணா ரயிலில் பெங்களூரு போய்த் திரும்புகிற இரண்டு பையன்கள், டீ மாஸ்டர் எல்லோரும் ஒரு வாரத்துக்குள் ஆஸ்திரேலியக் குடியுரிமைக்குத் தயாராகிவிட்டார்கள். விண்ணப்பம் மட்டும்தான் பாக்கி.

விழுமியக் கேள்விகளில் மச்சினனுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. யோசிப்பான். "உங்களுக்குப் பிடிக்காத கருத்தை ஒருவர் சொன்னால் அவரது பேச்சுரிமையை மதிக்க வேண்டுமா?" என்று கேட்டால், "எந்தக் கட்சிக்காரன் மாமா?" என்பான். அப்படியெல்லாம் கேட்கக்கூடாது, மூன்று விடைகளில் நல்ல பிள்ளை மாதிரி இருப்பது எதுவோ அதைத் தொட வேண்டும் என்று ரயில் பையன்களில் ஒருவன் சூத்திரம் சொன்னான். கம்பெனி இன்டர்வியூ பல பார்த்தவன். அந்தச் சூத்திரம் கடைசிவரை பொய்க்கவில்லை.

ஓட்டுப் பாடத்தில்தான் டீக்கடை விழித்துக்கொண்டது. ஆஸ்திரேலியாவில் 18 வயதான குடிமகன் தேசியத் தேர்தலில் ஓட்டுப் போட்டே ஆக வேண்டும், 1924-லிருந்து சட்டம். காரணமில்லாமல் போடாவிட்டால் 20 டாலர் அபராதம். நம் காசுக்கு ஆயிரத்துக்கு மேல். டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இங்க ஓட்டுப் போட்டா கைக்கு வருது. அங்க போடலைன்னா கைய விட்டுப் போகுது. என்ன ஊருய்யா அது."

ஓட்டு விஷயத்தில் தங்கவயல்காரர்களை யாரும் அலட்சியமாகப் பேச முடியாது. கர்நாடகத்தில் இருந்துகொண்டே 1999-ல் அண்ணா தி.மு.க. எம்.எல்.ஏ.வை பெங்களூருக்கு அனுப்பிய தொகுதி இது. அபராதத்துக்குப் பயந்து போட்டதில்லை.

அடுத்தது ஜூரி. கோர்ட்டு கூப்பிட்டால் குடிமகன் போய் உட்கார்ந்து, குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். பெரிய கிரிமினல் வழக்குக்கு 12 பேர். இது ஒரு கடமை என்று புத்தகம் சொல்கிறது. எங்கள் பெஞ்சில் இதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இந்தத் தெருவில் நடந்த எல்லா வழக்குக்கும் போலீஸ் வருமுன்பே இங்கே தீர்ப்பு ஆகிவிடும். சாட்சி விசாரணைதான் கிடையாது.

நம் நாட்டுப் பாடம் என்ன என்று ஏஜெண்ட் கேட்டார். நியாயமான கேள்வி. இந்தியக் குடிமகன் ஆவதற்கு இப்படி எழுத்துப் பரீட்சை கிடையாது. வெளிநாட்டுக்காரர் இங்கே வருஷக்கணக்கில் இருந்து விண்ணப்பித்தால், 1955-ஆம் வருஷச் சட்டப்படி, நல்ல நடத்தையோடு அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இருக்கிற மொழிகளில் ஏதாவது ஒன்று போதிய அளவு தெரிந்திருக்க வேண்டும். அதில் தமிழும் உண்டு. ஆக, ஒரு வெள்ளைக்காரர் தமிழை மட்டும் வைத்துக்கொண்டு இந்தியராகிவிடலாம். மாரிக்குப்பத்தில் பிறந்த பையனுக்குத்தான் பங்காரப்பேட்டை தாண்டியதும் சீட்டுக்காகக் கன்னடத்தில் வாய்மொழித் தேர்வு. தினமும். பையன்கள் இரண்டு பேரும் பாஸாகித்தான் வருகிறார்கள். நின்றுகொண்டே வருகிற நாளும் உண்டு.

அடிப்படைக் கடமைகள் எத்தனை என்று நானே ஒரு கேள்வி போட்டேன். பெஞ்சில் மௌனம். மொத்தம் 11. முதல் பத்தை 1976-ல் சேர்த்தார்கள். நெருக்கடி நிலைக் காலம்; உரிமையெல்லாம் பெட்டிக்குள் இருந்ததால் கடமைக்கு நிறைய இடம் கிடைத்திருக்கும். பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும் என்கிற பதினோராவது 2002-ல் வந்தது. அடிப்படை உரிமைப் பட்டியலில் ஏழாக இருந்தது, 1978 திருத்தத்தில் சொத்துரிமையை எடுத்ததும் ஆறாகிவிட்டது. எங்கள் லைனில் அதற்காக யாரும் அழவில்லை. இருந்த ஒற்றை அறையும் கம்பெனிக்குச் சொந்தம். சொத்து என்று எடுத்துக்கொண்டு போக எங்களிடம் இருந்தது டெய்லர் கம்பெனிக்காரன் 1880-லிருந்து தோண்டிக் கொட்டிய சயனைடு மண்மேடுதான். அதையும் சினிமாக்காரர்கள் வந்து படம் பிடித்துப் புகழ் சம்பாதித்துக்கொண்டு போனார்கள்.

இப்படியே போயிருந்தால் சாதாரண டியூஷனாக முடிந்திருக்கும். தங்கப் பாடம் வந்தது.

ஆஸ்திரேலிய ஜனநாயகக் கதையில் யுரேகா என்று ஒரு கலகம் உண்டு. 1854, விக்டோரியா மாகாணம், பாலராட். தங்கம் தோண்டுகிறவன் மாதா மாதம் லைசென்ஸ் பணம் கட்ட வேண்டும், குழியில் தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். லைசென்ஸ் எங்கே என்று போலீஸ் துரத்திப் பிடிக்கும். ஆட்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு லைசென்ஸைத் தீயில் போட்டார்கள். தெற்குச் சிலுவை நட்சத்திரம் போட்ட கொடியை ஏற்றி, கட்டைகளால் தடுப்புக் கட்டி உள்ளே நின்றார்கள். டிசம்பர் 3-ஆம் தேதி விடிகாலையில் பட்டாளம் புகுந்து அடித்தது. செத்தவர்கள் பலர். தேசத்துரோக வழக்குப் போட்டுப் பார்த்தார்கள், ஜூரி விட்டுவிட்டது. மறுவருஷமே லைசென்ஸ் போய், வருஷத்துக்கு ஒரு பவுண்டில் உரிமைச் சீட்டு வந்தது. அதை வைத்திருந்தவனுக்கு ஓட்டும் வந்தது.

நான் படித்து முடித்ததும் பெரியவர் கேட்டார்: "இதை அந்த ஊர்ல பாடமாவா வெச்சிருக்கான்?"

"ஆமா."

"கலகம் பண்ணினதையா?"

"ஆமாங்க."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு 1930-ஐ எடுத்தார். சுரங்கத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் கைரேகை பதிய வேண்டும் என்று அந்த வருஷம் உத்தரவு வந்தது. ரேகை திருடனிடம் எடுப்பது, நாங்கள் என்ன திருடர்களா என்று ஆட்கள் இறங்க மறுத்துவிட்டார்கள். பெரிய சங்கமோ பேர் போன தலைவரோ இல்லாத காலம். ஏறக்குறைய மூன்று வாரம் ஷாஃப்டுக்குள் கூண்டு இறங்கவில்லை. கடைசியில் கம்பெனிதான் இறங்கி வந்தது. அந்தக் கூட்டத்தில் தன் தாத்தாவும் ஒருவர் என்றார். தங்கவயலில் இந்த உரிமையைக் கோராத குடும்பம் கிடையாது என்பதால் நான் குறுக்கே பேசவில்லை.

"தாத்தா ரேகை குடுக்க மாட்டேன்னு வேலைநிறுத்தம் பண்ணாரு," என்று கட்டைவிரலை நீட்டிக் காட்டினார் பெரியவர். வருஷக்கணக்காக டிரில் பிடித்த விரல். நுனி கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. தேடினாலும் ஒரு கோடு இல்லை. "பேரன் நான் மாசா மாசம் ரேஷன் கடையில நின்னு, ரேகை எடுத்துக்கய்யான்னு கெஞ்சறேன். மெஷின் வேணாங்குது."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. போனுக்குள்ளிருந்து மச்சினன் சிரிப்பும் கேட்டது. அவன் வேலை விஷயமாக கால்கூர்லிக்குப் போய் வருகிறவன், அங்கேயும் தங்கம்தான். 'சூப்பர் பிட்' என்று 3.5 கிலோமீட்டர் நீளத்துக்குத் திறந்தவெளிப் பள்ளமாகவே தோண்டி வைத்திருக்கிறார்கள், ஆழம் 600 மீட்டருக்கு மேல் என்று பெருமையாகச் சொன்னான்.

"அறுநூறா?" என்றார் பெரியவர். "சாம்பியன் ரீஃப்ல நாங்க மூணு கிலோமீட்டருக்கும் கீழ போனோம். அவன் இன்னும் வாசப்படியே தாண்டலை."

பெரியவர் அதோடு விடவில்லை. யுரேகா பற்றிக் கேள்வி வந்தால் 1930-ஐயும் சேர்த்து எழுது என்று மச்சினனுக்கு உத்தரவு போட்டார். கம்ப்யூட்டரில் விடையைத் தொடுவதோடு சரி, எழுத இடம் கிடையாது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அப்புறம் என்ன பரீட்சை என்று எழுந்து போய்விட்டார். மறுநாள் ஐந்தே முக்காலுக்கே வந்து உட்கார்ந்திருந்தார்.

பரீட்சை நாளில் மச்சினன் கொடுத்த நேரத்தில் பாதியிலேயே எழுந்துவிட்டானாம். 20-க்கு 18. விழுமியம் ஐந்துக்கு ஐந்து. போன இரண்டு எவை என்று பெஞ்சு வெகுநேரம் ஆராய்ந்தது. தேசிய வண்ணங்கள் பச்சையும் தங்கமும் என்பதில் கோட்டை விட்டிருந்தால் ஊருக்கே அவமானம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

உறுதிமொழியில் ஒரு சிக்கல் வந்தது. கடவுளின் பேரால் ஒன்று, கடவுள் இல்லாமல் ஒன்று என்று இரண்டு வகை வைத்திருக்கிறார்கள். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். "பௌத்தம் பேசின அயோத்திதாசர் எழுத்தை சித்தார்த்தா புத்தகசாலையில அச்சுப் போட்ட ஊர்க்காரன்டா நீ. சாமி இல்லாததை எடு," என்றார் பெரியவர். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரி போனைப் பிடுங்கி, "சாமி இருக்கிறதை எடு. மாரியம்மா கோவிச்சுக்கும்," என்றாள். மச்சினன் இரண்டு பேருக்கும் சரி என்றான். விழா வீடியோவில் கைதட்டல்தான் கேட்கிறது. இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பித்திருக்கிறான். அதை வைத்துக்கொண்டு இங்கே ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. இந்தியனாக இருந்தபோதும் நிலம் வாங்கினவன் இல்லை.

போன வாரம் மறுபடி போன். ஓட்டுச் சீட்டு மாதிரி ஒன்றை யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

"மாமா, ஒருத்தனுக்கு மட்டும் போட்டா செல்லாதாம். நிக்கிற எல்லாருக்கும் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போடணுமாம். பிடிக்காதவனுக்கும்."

இதைப் பெஞ்சில் சொன்னதும் டீ மாஸ்டர் கணக்கு நோட்டின் பின்பக்கத்தைக் கிழித்து, போன தேர்தலில் எங்கள் வார்டில் நின்றவர்கள் பெயரை வரிசையாக எழுதினார். ஆளாளுக்கு நம்பர் போட்டோம். ஒன்று யாருக்கு என்பதில் அடிதடி ஆகிற மாதிரி இருந்தது. ஏஜெண்ட் கோபித்துக்கொண்டு டீக்குக் காசு கொடுக்காமல் போய்விட்டார். கடைசி நம்பர் யாருக்கு என்பதில் மட்டும் அவரையும் சேர்த்து ஒரே கருத்து.