எஸ்எம்பிஎஸ் ஒட்டுச்சீட்டில் இடைச்செருகல்: ஒரு மூலபாட ஆய்வு

ஓலைச்சுவடிகளுக்கு மூலபாட ஆய்வு நடந்திருக்கிறது. கல்வெட்டுகளுக்கு நடந்திருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் விற்கும் எஸ்எம்பிஎஸ் என்னும் கணினி மின்வழங்கிப் பெட்டியின் ஒட்டுச்சீட்டுக்கு மட்டும் உரை கண்டார் இலர். இக்கட்டுரை அக்குறையைப் போக்க முற்படுகிறது. ஆய்வு எல்லை: ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் அசெம்பிள் செய்யும் கணினி. ஆய்வுத் தூண்டுதல்: ஒரு ஞாயிறு இரவு என் மேசைக்கடியில் எழுந்த ‘டப்’ என்னும் ஒலிக்குறிப்புச் சொல்லும், அதைத் தொடர்ந்த வாசனையும்.

ஆய்வுக்குரிய பிரதி கேபினட்டோடு சேர்ந்தே வந்தது. “எஸ்எம்பிஎஸ் தனியா எதுக்கு சார்? உள்ளயே இருக்கு, 450 வாட்ஸ்” என்றார் கடைத் தம்பி. வெளியே ஒரு சொல்லும் தெரியாமல் பொருள் மட்டும் உள்ளே மறைந்து நிற்பதால் இதை அன்மொழித்தொகையில் அடக்கலாம். விலையும் அப்படியே மறைந்து நின்றது. அதை இலவசம் என்று நான் பொருள் கொண்டேன்.

பிரதியின் முகப்பில் கட்டைவிரல் பருமனில் ‘450’. அதன்கீழ் எறும்பு ஊர்ந்தாற்போல ஒரு கட்டம்: 3.3 வோல்ட் 22 ஆம்பியர், 5 வோல்ட் 28 ஆம்பியர், 12 வோல்ட் 16 ஆம்பியர். இவற்றுள் எது மூலம், எது இடைச்செருகல்? கட்டமே மூலம். என்னை? வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 12 வோல்ட்டில் கிடைப்பது 192. மற்ற இரண்டில் 140, 73. மூன்றையும் கூட்டினாலும் 405 தாண்டவில்லை. மீதியை இறைவனும் இரண்டொரு சில்லறைத் தடங்களும் பார்த்துக்கொள்வார்கள் போலும். ஆக, 450 என்பது உயர்வு நவிற்சி அணி.

கூட்டிச் சொன்னால் என்ன தவறு என்பார் உளர். அற்று அன்று. இன்றைய கணினியில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் உண்பது 12 வோல்ட் பந்தியில். 5, 3.3 வோல்ட் இலைகளில் அமர எஸ்எஸ்டியும் யுஎஸ்பியும் போன்ற சிற்றுண்டிக்காரர்களே உளர். இங்கேதான் பிரதியின் காலத்தையும் கணிக்க முடிகிறது. இன்டெல் ஏடிஎக்ஸ் வரையறையை வெளியிட்டது 1995இல். அக்காலப் பிராசஸர்கள் பெரும்பாலும் 5, 3.3 வோல்ட்டில் பசியாறின. 2000இல் பென்டியம் 4 வந்தபோதுதான் நான்கு முள் கொண்ட சதுரக் கனெக்டரும் 12 வோல்ட் வழக்கும் வேரூன்றின. எனவே 5 வோல்ட்டுக்கு வாரி வழங்கி 12 வோல்ட்டுக்குக் கிள்ளிக் கொடுக்கும் இப்பிரதி, அட்டை புதிதானாலும் நடை பழசு.

ஞாயிறு இரவு நடந்ததை இனி விளக்கலாம். ஐ3-12100 பிராசஸர் உச்சத்தில் 89 வாட் கேட்கும். அன்று மாலை நான் செருகிய ஜிடிஎக்ஸ் 1650 கார்டு 75 வாட். மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க், ஃபேன் வகைக்கு ஒரு முப்பதாவது வேண்டும். சமைத்தது 192, பந்திக்கு வந்தது 194. அந்த 192கூட சமைத்தவர் சொன்ன கணக்கு.

இனி மாற்றுப் பள்ளிகள். கனவாதிகள், பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தே தரம் சொல்வர். தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்க்கும் மரபினர். டிரான்ஸ்ஃபார்மரும் ஹீட்சிங்க்கும் பெரிதாயிருந்தால் கனக்கும் என்பது மெய்யே. ஆயினும் கனம் சான்றாகாது; அம்மிக்குழவிக்கும் கனம் உண்டு. முள்வாதிகள், 24 முள் கனெக்டரின் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் பேப்பர் கிளிப்பால் இணைத்து, ஃபேன் சுழன்றால் நலம் என்பர். மூச்சு வருகிறது என்பதற்குமேல் அதில் ஒன்றும் தெரியாது. பின்புறச் சிவப்பு சுவிட்சை 115 பக்கம் தள்ளிப் பார்க்கும் மூன்றாவது பள்ளியும் உண்டு. நம் ஊர் 230 வோல்ட்டில் அப்பள்ளிக்கு மாணாக்கர் ஒருமுறைதான் செல்வர்.

2004இல் தொடங்கிய 80 பிளஸ் முத்திரையை மட்டும் ஓரளவு நம்பலாம். அதில் வெண்கல முத்திரை பெற்றவை பாதிச் சுமையில் 85 சதவீதமாவது திறன் காட்டியாக வேண்டும். இருப்பினும் அது திறனுக்குத் தந்த சான்று, ஆயுளுக்கு அன்று. ஆகவே முத்திரையைக் கண்டபின்னும் கட்டத்தைப் படிக்க. நான் அடுத்து வாங்கிய 550 வாட் பெட்டியில் 12 வோல்ட்டுக்கு 43 ஆம்பியர், பெருக்கினால் 516. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஏறத்தாழ ஒன்றையே சொல்வது இத்துறையில் அரிய நிகழ்வு.

இந்தப் புதுப் பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அப்பா தடை எழுப்பினார். “ஏண்டா, மிக்ஸியே 500 வாட்தான். இது 550ன்னு போட்டிருக்கே, கரண்ட் பில் என்னத்துக்கு ஆகும்?”

மிக்ஸியின் எண் அது இழுப்பது, இதன் எண் இது கொடுக்கக்கூடியது என்றேன். கணினிக்கு 150 வாட் தேவையென்றால், 70 சதவீதத் திறனுள்ள பெட்டி சுவரிலிருந்து 214 வாட் இழுக்கும்; 85 சதவீதத்துக்கு 176 போதும். தினம் ஐந்து மணி நேரமென்று வைத்தால் இரண்டு மாத பில்லில் 11 யூனிட் மிச்சம் என்று தாளில் போட்டும் காட்டினேன்.

அப்பா தாளைப் பார்க்கவில்லை. பெட்டியை எடுத்து ஒருமுறை உள்ளங்கையில் ஏந்தி, இருமுறை மேலும் கீழும் அசைத்தார்.

“ம், கனமாத்தான் இருக்கு” என்று கீழே வைத்தார்.