பேசாதவரை சிலை

விக்கிரமாதித்தன் சிம்மாசனத்தில் ஏறப்போன போஜராஜனைத் தடுத்தது படையல்ல. படிக்கு ஒன்றாக நின்ற 32 பதுமைகள். ‘உனக்கு அந்தத் தகுதி உண்டா?’ என்று கேட்டு, ஆளுக்கொரு கதை சொல்லி மறித்தன. இந்தக் கதையைக் கேட்கும் குழந்தை, சிலை பேசுவதைத்தான் மாயாஜாலம் என்று எண்ணும். அதுவல்ல, அத்தனை கேள்விக்குப் பிறகும் அரசன் பதுமைகளைப் பெயர்த்தெறியவில்லையே, அதுதான் மாயாஜாலம்.

கேள்வி கேட்கும் சிலையை அப்படி விட்டுவைப்பது எவ்வளவு அரிது என்பதற்குச் சான்று மெரினாவில் இருக்கிறது. அரசனிடம் நீதி கேட்ட கண்ணகிக்கு 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சிலை வைத்தோம். 2001 டிசம்பரில் அது அகற்றப்பட்டது, 2006இல்தான் திரும்பியது. லாரி மோதியதுதான் காரணம், அரசியலல்ல என்பார்கள். இருக்கட்டும், லாரி போன பிறகும் சிலை திரும்ப நாலரை ஆண்டு ஏன்? ரோம் நகரத்தின் பாஸ்குவினோ சிலை 500 ஆண்டாக ஆட்சியாளரைக் கிண்டலடிக்கிறதே என்றும் கேட்கலாம். அங்கே வாய்தான் சிலைக்கு. இரவில் அதன்மேல் கிண்டல் சீட்டு ஒட்டும் கை ஊராருடையது. நாம் அவ்வளவு சிரமப்படுவதில்லை. பிறந்தநாளுக்கு மாலை போடுகிறோம், வாய் மறையும் அளவுக்கு.