நூற்றுக்கு நூறு அக்யூரசி: ஆன்லைன் லேபுக்கு ஒரே ராத்திரியில் தயாராவது எப்படி?

சித்தூரிலோ திருப்பதியிலோ பி.டெக். படிக்கிறீர்கள். நாளைக் காலை மெஷின் லேர்னிங் லேப், அதுவும் ஆன்லைனில். இப்போது மணி இரவு பதினொன்று. கவலையே வேண்டாம், சரியான நேரத்துக்குத்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். போன வாரமே தொடங்கியவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். உங்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது.

1. சீனியரிடம் ரெக்கார்ட் பிடிஎஃப் வாங்குங்கள். அது அவர் எழுதியது என்று நினைத்துவிட வேண்டாம், அவருக்கும் ஒரு சீனியர் இருந்தார். ப்ரோகிராமை அப்படியே எடுத்து கூகுள் கோலாபில் ஒட்டுங்கள். வரி முன்னால் இருந்த இடைவெளியெல்லாம் வழியிலேயே உதிர்ந்திருக்கும். நேர் மேற்கோள்குறி வளைந்திருக்கும். பைத்தானுக்கு இரண்டுமே ஆகாது. உடனே சிவப்பில் எரர் வரும். படிக்காதீர்கள்! எந்த வரி, எந்த எழுத்து என்று அதுவே சொல்லிவிடும், அப்புறம் உங்களுக்கு என்ன வேலை? போனில் ஸ்கிரீனைச் சாய்வாகப் போட்டோ எடுத்து, "அண்ணா, எரர் வருதுண்ணா" என்று குரூப்பில் போடுங்கள். ஒன்றில் மட்டும் கவனம்: கடைசி வரி போட்டோவில் விழக் கூடாது. பைத்தான் காரணத்தைச் சொல்வது அந்த வரியில்தான்.

2. பாஸ்டன் வீட்டு விலை ப்ரோகிராமை விடாதீர்கள். 506 வரி உள்ள அந்தத் தரவை சைகிட்-லேர்ன் 1.2 பதிப்பிலேயே, 2022 டிசம்பரில், தூக்கிவிட்டார்கள். கறுப்பின மக்களின் பங்கு எவ்வளவு என்பதை வீட்டு விலையோடு முடிச்சுப் போடும் ஒரு நெடுவரிசை அதில் இருந்தது. ஏன் எடுத்தோம், பதிலுக்கு எதைப் பயன்படுத்தலாம் என்பதெல்லாம் எரரிலேயே நீளமாக இருக்கிறது. அதை மேலே தள்ளிவிட்டு, பழைய பதிப்பை இன்ஸ்டால் செய்யப் பாருங்கள். புதிய பைத்தான் அதைச் சேர்த்துக்கொள்ளாமல் முரண்டு பிடிக்கும். மணி ஒன்றாகட்டும்.

3. ஐரிஸ் பூத் தரவுக்கு ஜிபியூ போடுங்கள். மொத்தம் 150 வரிதான். நீங்கள் ஓட்டும் சைகிட்-லேர்ன் ப்ரோகிராம் அந்த ஜிபியூவை ஏறெடுத்தும் பார்க்காது. ஆனாலும் ஒரு கெத்து வேண்டாமா? இலவச ஜிபியூவுக்கு அளவு உண்டு. அது உண்மையிலேயே தேவைப்படுகிற நியூரல் நெட்வொர்க் ப்ரோகிராம் வரும்போது தீர்ந்துபோயிருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சிஎஸ்வி ஃபைலை டிரைவில் வைக்காமல் செஷனிலேயே ஏற்றிவிட்டுத் தூங்கப் போங்கள். விடிந்தால் செஷனும் இருக்காது, ஃபைலும் இருக்காது.

4. தரவைப் பார்க்கவே பார்க்காதீர்கள். ஐரிஸ் என்பது ஒரு பூ. எட்கர் ஆண்டர்சன் அளந்து வைத்த பூக்களை 1936இல் ஃபிஷர் கட்டுரையில் போட்டார். பெரும்பகுதி கனடாவின் காஸ்பே தீபகற்பத்தில் பறித்தவை. மூன்று வகை, வகைக்கு 50, ஒவ்வொன்றிலும் நான்கு அளவுகள். சித்தூர்ப் பிள்ளைக்கு அந்தப் பூவின் முகமே தெரியாது. தோதாபுரியையும் பங்கனபள்ளியையும் நீலத்தையும் கொடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு பிரித்துவைப்பான். மாம்பழ சீசனில் பல்ப் ஃபேக்டரி வாசலில் டிராக்டர்கள் வரிசைகட்டும் ஊர். ஒரு தராசும் ஸ்கேலும் இருந்தால் சொந்தமாகவே ஒரு தரவு தேறும். ஆனால் ரெக்கார்டில் மாம்பழம் இல்லையே. ஆகவே வேண்டாம்.

5. இப்போதுதான் முக்கியமான கட்டம். அக்யூரசி காணிப்பாக்கம் பிள்ளையார் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும். வழிகள் பல. டிரெயினிங், டெஸ்ட் என்று பிரிப்பதற்கு முன்பே மொத்தத் தரவையும் ஸ்கேல் செய்யுங்கள், டெஸ்ட் தரவின் வாசனை டிரெயினிங்குக்கு வந்துவிடும். போதாதா? ரேண்டம் ஸ்டேட்டை ஒன்று, இரண்டு, மூன்று என மாற்றிக்கொண்டே போய், எந்த எண்ணில் மார்க் ஏறுகிறதோ அங்கே நில்லுங்கள். அதுவும் போதாதென்றால் கே-என்என்னில் கே-யை ஒன்றாக்கி, டிரெயின் செய்த தரவிலேயே சோதியுங்கள். ஒவ்வொரு பூவுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் அதுவேதான். நூற்றுக்கு நூறு! யாராவது காணிப்பாக்கத்துக்கு வந்து சத்தியம் பண்ணச் சொன்னால் மட்டும் வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

6. நெட்? போன் ஹாட்ஸ்பாட் போதும். அன்றைய டேட்டாவை விடிவதற்குள் ரீல்ஸில் கரைத்துவிடுங்கள். திருமலை 300 ரூபாய் தரிசன டிக்கெட்டுக்கு மூன்று போனோடு உட்காருகிற குடும்பம்தான், ஆனால் லேபுக்கு ஒரு போன், அதிலும் சார்ஜ் பதினொரு சதவீதம். 'கரண்ட் போயிடுச்சு சார்' என்கிற சாக்கைத் திருப்பதிக்காரர்கள் அளவோடு பயன்படுத்தவும். மின் விநியோகக் கம்பெனியின் தலைமை அலுவலகமே அங்கேதான் இருக்கிறது.

7. வைவா. அவுட்புட்டையும் சீனியரிடமிருந்தே எடுத்திருப்பீர்கள்: 97.78 சதவீதம். அவர் டெஸ்டுக்கு 30 சதவீதம் ஒதுக்கியிருந்தார். அதாவது 45 பூ, அதில் 44 சரி. நீங்கள் யூடியூபைப் பார்த்து அதை 20 சதவீதமாக மாற்றியிருக்கிறீர்கள். மாற்றியதை மறந்தும்விடுங்கள். எக்ஸ்டர்னல் சாவகாசமாகக் கேட்பார்:

"டெஸ்ட்ல எத்தனை பூம்மா?"

"முப்பது சார்."

"அக்யூரசி?"

"தொண்ணூற்றேழு புள்ளி ஏழு எட்டு சார்."

"அப்ப எத்தனை பூ சரியா வந்துச்சு?"

கணக்குப் போட்டால் இருபத்தொன்பதே மூன்றிலொரு பங்கு பூ வரும். போடாதீர்கள். மைக்கை மியூட்டில் தட்டிவிட்டு, உதட்டை மட்டும் சரளமாக அசைத்துக்கொண்டே இருங்கள். "ஆடியோ வரலைம்மா" என்பார். இன்னும் வேகமாக அசையுங்கள்.