மைல் வள்ளல்

அமெரிக்கத் தமிழரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் பேச்சை வானிலைக்கு மாற்றிவிடுவார். மைல்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள், போனை எடுத்து எக்செல் ஷீட்டையே திறந்து காட்டுவார். எங்கள் சிகாகோ பக்கத்தில், அரோரா பாலாஜி கோயில் கேன்டீனில் தோசைக்கு வரிசையில் நிற்கும் நேரத்துக்குள் ஒரு கருத்தரங்கே நடந்து முடிந்துவிடும்: எந்த கார்டுக்கு எவ்வளவு போனஸ், எந்த ஏர்லைனில் எப்போது சீட் திறக்கும், யார் யார் பிசினஸ் கிளாஸில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு ஊருக்குப் போனார்கள். அந்தக் கருத்தரங்கின் நிரந்தரப் பேச்சாளர்களில் அடியேனும் ஒருவன். கன்சல்டிங் வேலை. திங்கள் விடியற்காலையில் ஓஹேர் விமான நிலையத்தில் கிளம்பினால் வியாழன் இரவு அங்கேயே வந்து இறங்குவேன். டிக்கெட் காசு கம்பெனியுடையது. மைல் என்னுடையது.

பறக்கப் பறக்க மைல் என்ற பெயரில் புள்ளி சேர்த்து, அந்தப் புள்ளியைக் கொடுத்தே டிக்கெட் எடுக்கும் இந்த அற்புத ஏற்பாட்டை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ‘அட்வான்டேஜ்’ என்ற பெயரில் 1981 மே 1 அன்று தொடங்கியது. அதே மாதம் யுனைடெட்டும் பின்னாலேயே வந்தது. ஆபீஸ் வேலையாகப் பறந்து சேர்த்த மைல்களைச் சொந்தத்துக்குச் செலவழித்தால் வரி கேட்க மாட்டோம் என்று 2002-இல் அமெரிக்க வருமான வரித் துறையே பெருந்தன்மை காட்டிவிட்டது. ஆக, கம்பெனி காசில் சேர்ந்து, வரியும் இல்லாமல், உட்கார்ந்த இடத்தில் குவியும் செல்வம். இப்படி ஒரு செல்வம் கையில் இருந்தால் ஒரு மனிதன் என்ன ஆவான்? நான் வள்ளல் ஆனேன்.

“டிக்கெட்டா? விடு மச்சி, மைல்ஸ் கிடக்கு.” இதைச் சொல்லிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் சுகம் தெரியும். எதிரில் இருப்பவர் ஒரு கணம் திகைப்பார், பிறகு “அய்யோ, எதுக்குங்க” என்பார். நாம் கையை லேசாக ஆட்டி “அட, சும்மா கிடக்கிறதுதானே” என்போம். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்தவனும் இப்படித்தான் கையை ஆட்டியிருப்பான்.

முதலில் அகப்பட்டவன் என் கல்லூரி நண்பன். ஹாஸ்டலில் சேர்ந்த நாளிலிருந்து அவன் எங்களுக்கு பாபு. அக்டோபரில் அவன் டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போக டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மேற்படி வாக்கியத்தைச் சொன்னேன். பாவம், பார்ப்பதை நிறுத்திவிட்டான். மைலில் தரும் மலிவு சீட்டுகளை ஏர்லைன்கள் ஏறத்தாழ பதினோரு மாதம் முன்பே திறக்கின்றன. டிசம்பர் சீட்டை விவரம் தெரிந்தவர்கள் போன ஜனவரியிலேயே அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். இது தெரிந்தும் நான் “பார்த்துக்கறேன்” என்றேன். வாரக்கணக்கில் ராத்திரி ராத்திரியாகத் துழாவியதில், யாரோ ரத்து செய்த ஒரு சீட் கிடைத்தது. ஆவேசத்தில் அவசரமாகப் பெயரை அடித்தேன்: பாபு, இனிஷியலோடு.

பாஸ்போர்ட்டில் அவன் பாபு இல்லை என்பது கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு தெரிந்தது. அங்கே அவன் குலதெய்வமும் தாத்தாவும் சேர்ந்த ஒரு நீளமான பெயர், அதற்குப் பின்னால் அப்பா பெயர். தமிழ்ப் பெயர்களும் விமான டிக்கெட்டும் ஏற்கெனவே ஜென்மப் பகை. சர்நேம் கட்டம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட்டோடு வந்தவர்கள் அமெரிக்க விசாவில் ‘எஃப்என்யு’, அதாவது ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்ற நாமகரணத்தோடு திரிகிறார்கள். இத்தனையும் தெரிந்த நான் செல்லப் பெயரில் டிக்கெட் எடுத்திருந்தேன். ஏர்லைனுக்குப் போன் செய்தால், எழுத்துப் பிழை என்றால் பார்க்கலாம், இது வேறு ஆள் பெயர் மாதிரி இருக்கிறது, ரத்து செய்துவிட்டு மறுபடி எடுங்கள் என்றார்கள். ரத்து செய்தேன். மைல் என் கணக்குக்குப் பத்திரமாகத் திரும்பி வந்தது. சீட் வரவில்லை. ஒரு ஏர்லைனின் மைலை வைத்து அதன் கூட்டாளி ஏர்லைனில் எடுத்த சீட் அது. விட்ட சீட் மறுபடி மைல் கணக்கில் வந்தே தீரும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அது காசுக்கு விற்கும் சீட்டோடு போய்ச் சேர்ந்துவிட்டது.

பாபு கிறிஸ்துமஸ் விலையில் டிக்கெட் வாங்கினான். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அக்டோபரிலேயே நியாய விலையில் வாங்கியிருப்பான். என் பரிசில் அவனுக்கு நிகர நஷ்டம்.

இதிலேயே அடங்கியிருக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் அண்ணிக்கும் இருபத்தைந்தாவது கல்யாண நாள் வந்தது. விருந்தில் யாரோ என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். மைக் கிடைத்த தமிழன் என்ன செய்வான்? இந்தியாவுக்கு இரண்டு பிசினஸ் கிளாஸ் டிக்கெட், என் அன்பளிப்பு என்று அறிவித்துவிட்டேன். கைதட்டல். அண்ணி கண் கலங்கினார். என் மனைவியும்தான், காரணம் வேறு.

வீட்டுக்கு வந்து திரையைத் திறந்தால், மைல் கணக்குக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘வரிகளும் கட்டணங்களும்’. ஆளுக்குப் பல நூறு டாலர். மைல் அடிப்படைக் கட்டணத்தைத்தான் கழிக்கும். அதற்கு மேல் ஏர்லைன் தானாகப் போட்டுக்கொள்ளும் கூடுதல் கட்டணம் தனி. எரிபொருள் விலை ஏறியதைக் காரணம் காட்டி உள்ளே வந்தது அது; விலை இறங்கிய பிறகும் பெயரை மாற்றிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. எல்லா ஏர்லைனும் இதைக் கேட்பதில்லை. கேட்காத ஏர்லைனில் சீட் இருப்பதில்லை. மேடையில் இலவசம் என்று சொல்லியாகிவிட்டது, அண்ணனிடம் போய்க் கேட்க முடியுமா? கார்டைத் தேய்த்தேன். மனைவியிடம் “கொஞ்சம் டாக்ஸ்” என்றேன்.

அடுத்தது வழி. அவர்கள் போக வேண்டியது கும்பகோணம். சென்னைக்கு இரண்டு சீட் சேர்ந்தாற்போல் இல்லை, பெங்களூருக்கு இருந்தது. “பெங்களூர் என்ன, பக்கம்தானே” என்று ஓஹேரில் சாவகாசமாகச் சொன்னேன். ஊரை விட்டு வந்து ரொம்ப நாளானவனுக்கு இந்தியாவில் எல்லாமே பக்கம்தான். தேவனஹள்ளியில் இறங்கியவர்களை அழைத்துப்போக அண்ணனின் தம்பி மகன் கும்பகோணத்திலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்தான். விமானத்தில் படுத்துக்கொண்டு மிச்சம் பிடித்த தூக்கத்தையெல்லாம் காரில் உட்கார்ந்து செலவழித்தார்கள்.

சாப்பாட்டையாவது சரியாகச் செய்தேனா? அண்ணி சுத்த சைவம். தயிர் இல்லாமல் அவருக்கு ஒரு வேளை கழியாது. இந்தச் சிறப்புச் சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், அதையும் டிக்கெட் எடுத்தவன்தான் செய்ய வேண்டும். பட்டியலில் ‘விஜிஎம்எல்’ என்று இருந்தது. வெஜ் மீல் என்று நினைத்துத் தட்டிவிட்டேன். ‘விஜிஎம்எல்’ என்றால் வீகன்: பால், தயிர், நெய், வெண்ணெய் எதுவும் சேராதது. நம்மூர் மசாலா வாசனையோடு வரும் சைவச் சாப்பாட்டுக்கு ‘ஏவிஎம்எல்’ என்று போட வேண்டும். வானத்தில் காலை நீட்டிப் படுத்தபடி அண்ணி இலை தழைகளையும் ஒரு கிண்ணம் வேகவைத்த பருப்பையும் மென்றுகொண்டு போனார். திரும்பி வந்ததும், “ரொம்ப நல்லா இருந்துச்சு தம்பி, வயிறு லேசா இருந்துச்சு” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அந்த இரண்டு பேருக்கும் என்மேல் இருந்த மரியாதை எப்படியோ பிழைத்துவிட்டது. ஆனால் மைல் டிக்கெட்டின் முழு சுபாவத்தை எனக்குக் காட்டியது டல்லாஸ் நண்பர் ஒருவருடைய அப்பா அம்மாவின் பயணம். டல்லாஸிலிருந்து லண்டன் வழியாகச் சென்னை.

நடுராத்திரி, வாட்ஸ்ஆப் அழைப்பு. “தம்பி, மன்னிச்சுக்கணும், தூக்கத்தைக் கெடுத்துட்டேன். ஹீத்ரோவுல நிக்கிறோம். கவுன்டர்ல இருக்கிற பொண்ணு உங்களத்தான் கேக்கச் சொல்லுது.” அடுத்த விமானத்தின் நேரம் மாறியிருந்தது. புது நேரத்துக்கு டிக்கெட்டை மறுபடி வெளியிட்டிருக்க வேண்டும். அதற்கு நான் சம்மதம் தட்டியிருக்க வேண்டும். கேட்டு வந்த மெயில் என் இன்பாக்ஸில், ஷூ தள்ளுபடி விளம்பரங்களுக்கு நடுவே, திறக்கப்படாமல் கிடந்தது. பறப்பவர்கள் அவர்கள், ஆனால் ஏர்லைன் கண்ணில் வாடிக்கையாளர் நான். மெயில் எனக்கு வரும், மாற்றம் கேட்டால் நான் கேட்க வேண்டும், ரத்தானால் மைல் என் கணக்குக்கு வரும். விமானம் ஓட்டுகிற கம்பெனி ‘டிக்கெட் கொடுத்தவரைக் கேளுங்கள்’ என்றது. டிக்கெட் கொடுத்த கம்பெனி ‘கணக்கு வைத்திருப்பவர் பேச வேண்டும்’ என்றது.

பேசினேன். நெடுநேரம் பியானோ வாசித்துவிட்டு ஒரு அம்மையார் வந்தார். “பாதுகாப்புக் கேள்வி, சார். உங்களுக்குப் பிடித்த பீட்சா டாப்பிங் எது?”

கணக்கு தொடங்கிய காலத்தில் எதையோ தேர்ந்தெடுத்திருக்கிறேன். காளான் என்றேன். இல்லையாம். வெங்காயம்? இல்லையாம். இன்னொரு தடவை தப்பானால் கணக்கைப் பூட்டிவிடுவோம் என்றார். இன்னொரு போனில் அப்பா காத்திருந்தார். “என்ன தம்பி கேக்குறாங்க, பாஸ்போர்ட் நம்பரா? எங்கிட்ட இருக்கு, சொல்லவா?”

“இல்லப்பா. பீட்சா.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. போர்வைக்குள்ளிருந்து என் மனைவியின் குரல் வந்தது: “ஆலிவ்னு சொல்லுங்க. எம் ப்ளேட்டுல இருந்து அதைத்தானே பொறுக்கித் தின்பீங்க.” ஆலிவ்தான். பெரியவர்கள் இருவரும் நாற்காலியில் இரவைக் கழித்து மறுநாள் விமானம் ஏறினார்கள்.

நண்பர் அடுத்த வாரம் போன் ஆப்பில் எனக்குப் பணம் அனுப்பினார். குறிப்பில் ‘டிக்கெட்டுக்காக, நன்றி’ என்று எழுதியிருந்தார். பதறிப்போய் அந்த நிமிடமே திருப்பி அனுப்பினேன். பெருந்தன்மை என்று நினைத்திருப்பார், பயம். மைலைப் பரிசாகத் தரலாம், விற்கக் கூடாது, மீறினால் கணக்கையே மூடுவோம் என்பது பொதுவான விதி. மைல் உறுப்பினரின் சொத்தே இல்லை என்றும் எழுதி வைத்திருப்பார்கள். நீதிமன்றம் போனாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. கின்ஸ்பர்க் என்ற யூத மதகுரு அளவுக்கு மீறிப் புகார் செய்கிறார் என்று 2008-இல் நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் அவரை மைல் திட்டத்திலிருந்து நீக்கியது. உச்ச நீதிமன்றம் வரை போனார். 2014-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக ஏர்லைன் பக்கம் நின்றார்கள்.

வள்ளல்களுக்கு என்ன கதி என்பதற்கு எங்கள் சிகாகோவிலேயே ஒரு முன்னோடி உண்டு. ஸ்டீவன் ராத்ஸ்டீன் 1987-இல் இரண்டரை லட்சம் டாலர் கொடுத்து, ஆயுள் முழுக்க முதல் வகுப்பில் பறக்கும் பாஸ் ஒன்றை அமெரிக்கன் ஏர்லைன்ஸிடம் வாங்கினார். பிறகு ஒன்றரை லட்சம் கொடுத்து, கூட ஒருவரை அழைத்துப்போகும் உரிமையையும் சேர்த்துக்கொண்டார். விமான நிலையத்தில் பழகிய முன்பின் தெரியாதவர்களையெல்லாம் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொண்டு போனார். ஆள் இல்லாதபோது ‘பேக் ராத்ஸ்டீன்’ என்று பையின் பெயரில் பக்கத்து சீட்டைப் பதிவு செய்து வைத்தார். 2008-இல் ஏர்லைன் மோசடி என்று சொல்லி, ஓஹேரிலேயே அவரை நிறுத்தி, பாஸைப் பறித்தது. அவர் நாலு லட்சம் டாலர் சொந்தப் பணம் போட்டு வள்ளலானவர். நான் கம்பெனி காசில்.

இப்போது யாராவது கேட்டால் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. வரிக் காசு உன் கார்டில் போகும். வழியில் ட்ரான்சிட் விசா வேண்டுமா என்று நீயே பார்த்துக்கொள். அக்டோபரில் டிசம்பருக்குக் கேட்காதே. இவ்வளவையும் கேட்டு முடிப்பதற்குள் முக்கால்வாசிப் பேர் “பரவாயில்ல, நானே எடுத்துக்கறேன்” என்று சொல்லிவிடுகிறார்கள்.

நண்பனுக்கு நிஜமாகவே டிக்கெட் பரிசளிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அவன் பெயரில், அவன் மெயில் முகவரியைக் கொடுத்து, காசு போட்டு வாங்கித் தரலாம். பறப்பதும் சண்டை போடுவதும் அவன் பாடு, பீட்சா டாப்பிங்கும் அவனுடையது. ஆனால் அதற்கு என் பணம் ஆயிரக்கணக்கில் போகும். இத்தனை வருஷத்தில் ஒருவருக்குக்கூட நான் அப்படிச் செய்ததில்லை, மைக் கையில் இருந்தபோதும்.