ஏப்ரல் வரை நிம்மதி: சிங்கப்பூரில் வருமான வரியைப் புரிந்துகொள்ளாமல் காலம் தள்ள ஒரு கையேடு

சிங்கப்பூரில் வேலை கிடைத்து, பாஸ் கைக்கு வந்து, முதல் சம்பளமும் கணக்கில் ஏறிவிட்டதா? வாழ்த்துகள். இனி நீங்கள் செய்ய வேண்டிய முதல் காரியம், சம்பளச் சீட்டை ஒருமுறை பார்த்துப் பூரித்துவிட்டு மூடிவைப்பது. 6,000 வெள்ளி என்று பேசினார்கள், 6,000 வெள்ளி வந்திருக்கிறது. சென்னையில் டி.டி.எஸ்., பி.எஃப்., தொழில்வரி என்று ஆளாளுக்குக் கிள்ளியது போக மிஞ்சியதையே சம்பளம் என்று பழகிய கண்ணுக்கு இது கோயில் தரிசனம். வெளிநாட்டு ஊழியர் என்பதால் சி.பி.எஃப். என்ற சேமநிதிப் பிடித்தமும் இல்லை. ஆகவே இந்த ஊரில் வரியே கிடையாது என்ற முடிவுக்கு அன்று மாலையே வந்துவிடுங்கள்.

இங்கே முதலாளி மாதாமாதம் வரி பிடித்து அரசாங்கத்துக்குக் கட்டும் வழக்கம் இல்லை என்பதும், ஜனவரி முதல் டிசம்பர் வரை சம்பாதித்ததற்கு அடுத்த ஆண்டுதான் கணக்குக் கேட்பார்கள் என்பதும் உண்மை. ஆனால் இப்படிப்பட்ட விவரங்கள் தூக்கத்தைக் கெடுக்கும். கிடைத்த இடைவெளியை நல்லபடியாகப் பயன்படுத்துங்கள். ஊரில் மாடி எழுப்பத் தொடங்குங்கள். நகைச்சீட்டில் சேருங்கள். முஸ்தஃபாவில் நள்ளிரவுக்கு மேல் போய், தேவையே இல்லாத ஒரு சூட்கேஸை வாங்கி, அதை நிரப்பத் தேவையான சாமான்களையும் வாங்குங்கள்.

சந்தேகம் வந்தால் உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையதளத்தைப் பார்க்கவே கூடாது. அதில் எல்லாம் தெளிவாக எழுதியிருப்பதால் குழப்பத்துக்கு இடமில்லாமல் போய்விடும். அறையில் மூத்தவராக ஓர் அண்ணன் இருப்பார், அவரைக் கேளுங்கள். கட்டிலின் மேல்தட்டில் படுத்தபடி, செல்போனிலிருந்து கண் எடுக்காமல் சொல்வார்: "பன்னெண்டு வருஷமா இங்க இருக்கேன் தம்பி. ஒரு காசு வரி கட்டினதில்ல. நீ ஏன் பயப்படற?" அண்ணன் பொய் சொல்லவில்லை. கட்டுமானத் தளத்தில் அவர் வாங்கும் சம்பளம் ஆண்டுக்கு 20,000 வெள்ளியைத் தொடாது. இங்கே வசிப்பவராகக் கருதப்படுகிறவருக்கு அந்த முதல் 20,000 வெள்ளிக்கு வரி விகிதம் பூஜ்யம். அவருக்குச் சரியாக இருப்பதை அப்படியே கழற்றி நீங்கள் மாட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கூடவே துபாயிலிருந்து வந்தவர் யாராவது இருந்தால் இன்னும் விசேஷம். அங்கே சம்பளத்துக்கு உண்மையாகவே வரி இல்லாததால், அவர் குரலில் ஒரு தனி உறுதி இருக்கும்.

அடுத்து, நாள் கணக்கு. இதில் மூன்று படிகள் உண்டு. ஓர் ஆண்டில் 60 நாளுக்குள் வேலை பார்த்துவிட்டுப் போனால் அந்தச் சம்பளத்துக்கு வரி இல்லை. நிறுவன இயக்குநர்களுக்கும் மேடைக் கலைஞர்களுக்கும் இந்தச் சலுகை பொருந்தாது. 61 முதல் 182 நாள் வரை என்றால் நீங்கள் வசிப்பவர் அல்லாதவர்: நேரே 15 சதவீதம், அல்லது வசிப்பவருக்கான விகிதம், இரண்டில் எது அதிகமோ அது. கழிவுகள் கிடையாது. 183 நாளை எட்டினால் வசிப்பவர். படிப்படியாக ஏறும் விகிதம். சனி, ஞாயிறு, பொது விடுமுறை எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். இதை நீங்கள் எண்ணவே கூடாது. உங்கள் பாஸ் இரண்டு வருடத்துக்குச் செல்லும், ஓராண்டுக்கு மேல் பாஸ் வைத்திருப்பவரை முதலிலேயே வசிப்பவராகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள், பிறகென்ன கவலை?

கவலையைத் தேடிக்கொள்ளும் வழி இது. பிப்ரவரி முதல் தேதி வேலையில் சேருங்கள். ஜூன் மாதம் மேலாளர் ஒரு கூட்டத்தில் உங்களை முறைத்தார் என்பதற்காக ராஜினாமாக் கடிதத்தை நீட்டி, மாதக் கடைசியில் விமானம் ஏறுங்கள். மொத்தம் 150 நாள். வேலையை விடும்போது பாஸில் அச்சிட்ட தேதியை யாரும் பார்ப்பதில்லை, இருந்த நாளைத்தான் எண்ணுவார்கள். ஐந்து மாதச் சம்பளம் 30,000 வெள்ளி, அதற்கு 15 சதவீதம் 4,500 வெள்ளி. அந்த மேலாளரின் முறைப்பை இன்னும் 33 நாள் பொறுத்திருந்தால், அதே 30,000 வெள்ளிக்கு, உழைப்பு வருமானக் கழிவு 1,000 போக, 180 வெள்ளி வந்திருக்கும்; கூடுதல் மாதச் சம்பளத்துக்கும் சேர்த்துப் பார்த்தாலும் சில நூறு வெள்ளியில் முடிந்திருக்கும். வெளிநாட்டில் சுயமரியாதைக்கு இவ்வளவு துல்லியமாக விலை போட்டுத் தரும் அரசாங்கம் வேறெங்கும் உண்டா என்று எனக்குச் சந்தேகம்தான். டிசம்பரைத் தாண்டித் தொடர்ச்சியாக இரண்டு ஆண்டுகளில் கால் வைத்து மொத்தம் 183 நாள் சேர்ந்தாலும் வசிப்பவர்தான் என்றொரு சலுகை இருக்கிறது. கோபம் வருவதாக இருந்தால் அக்டோபருக்கு மேல் வேலையில் சேர்ந்தவர்களுக்கு வரட்டும்.

மார்ச் முதல் தேதியிலிருந்து ஏப்ரல் 18 வரை கணக்குத் தாக்கல் செய்யும் காலம். சிங்பாஸ் என்ற அரசு இணைய அடையாளம் வழியாக உள்ளே போனால், நீங்கள் எழுத வேண்டியதை ஆணையமே எழுதி வைத்திருக்கும். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கம்பெனிகள் ஊழியர் சம்பள விவரத்தை நேரடியாக ஆணையத்துக்கு அனுப்பியாக வேண்டும். ஆனாலும் போனஸை அடக்கத்தோடு மறைக்க முயலுங்கள். கம்பெனி தந்த வீடு, ஊருக்குப் போக எடுத்துக் கொடுத்த டிக்கெட் ஆகியவற்றை அன்பளிப்பு என்று வாதிடுங்கள். உங்கள் வரியைக் கம்பெனியே கட்டிவிடுகிறது என்றால் பெருமைப்படுங்கள். அப்படிக் கட்டிய தொகையும் உங்கள் வருமானம்தான், அதற்கும் வரி உண்டு என்பதைப் பிறகு தெரிந்துகொள்ளலாம்.

கழிவுகள் பகுதி வந்ததும் இந்தியச் சட்டத்தின் 80சி பிரிவைத் தேடுங்கள். சென்னை அலுவலகங்களில் ஜனவரி பிறந்தால் எல்.ஐ.சி. ரசீதும் வாடகை ரசீதும் தேடி அலைந்த அனுபவம் வீணாகக் கூடாது. தஞ்சாவூரில் இருக்கும் அம்மாவுக்கு மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறீர்கள், அதற்கான ரெமிட்டன்ஸ் ரசீதுகளை ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறீர்கள். பெற்றோர் கழிவு என்றொரு வரி அந்தப் பக்கத்தில் நிஜமாகவே இருக்கும். மகிழ்ச்சியோடு அதை நிரப்புங்கள். பெற்றோர் சிங்கப்பூரில் வசிக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்குக் கீழே இருக்கும், அதைப் படிக்காதீர்கள்.

எல்லாம் முடிந்து வரி மதிப்பீட்டு அறிக்கை வரும். ஆண்டு முழுக்க 6,000 வாங்கியவருக்கு, 72,000-இல் 1,000 கழிந்து, 71,000-க்கு வரி 2,720 வெள்ளி. அரை மாதச் சம்பளம்கூட இல்லை. உலகத்தில் வேலை பார்க்கும் நம்மவர்கள் கட்டும் வரிகளில் இது சாதுவான ரகம். ஜெர்மனியில் இருக்கும் உங்கள் கல்லூரித் தோழரிடம் இந்த எண்ணைச் சொன்னால் நட்பு முறியும். சிக்கல் எண்ணில் இல்லை, அந்த 2,720 வெள்ளி பட்டுக்கோட்டையில் மாடிப்படியாக மாறி, கைப்பிடியும் வைத்தாகிவிட்டது என்பதில்தான் இருக்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஜைரோவில் பதிந்தால் வட்டியில்லாமல் 12 தவணையில் கட்டலாம். அது எளிது என்பதால் வேண்டாம். ஒரு மாதக் கெடுவைத் தாண்டவிட்டு, 5 சதவீத அபராதத்தை வரவேற்று, பிறகு ஆட்சேபக் கடிதம் எழுதுங்கள். ஆட்சேபம் நிலுவையில் இருந்தாலும் முதலில் பணத்தைக் கட்டியாக வேண்டும் என்பது இங்கே விதி. இன்னும் பொறுத்தால் ஆணையம் உங்கள் வங்கியிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். அதற்கும் மேல் போனால் நாட்டை விட்டு வெளியேறவே தடை போட அதற்கு அதிகாரம் இருக்கிறது.

இதற்கிடையில் இந்தியாவை மறந்துவிடுங்கள். மறக்க வசதியான மாதம் அக்டோபர். ஏப்ரல் முதல் செப்டம்பர் முடிய 183 நாள். அதுவரை ஊரில் இருந்துவிட்டு அக்டோபரில் கிளம்பினால், இந்தியக் கணக்குப்படி 182 நாளைத் தாண்டியவர், அந்த நிதியாண்டுக்கு நீங்கள் இந்தியாவில் வசிப்பவர். மார்ச் வரை வாங்கும் சிங்கப்பூர்ச் சம்பளத்தையும் அங்கே காட்ட வேண்டும். சிங்கப்பூரோ ஜனவரியில் ஆண்டைத் தொடங்கும் நாடு. உடம்பு ஒன்று, ஆண்டு இரண்டு, வசிப்பவர் என்று சொந்தம் கொண்டாடும் அரசாங்கமும் இரண்டு. 1994-இல் இரு நாடுகளும் போட்ட இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால், சிங்கப்பூரில் கட்டியதை இந்தியாவில் கழித்துக்கொள்ள முடியும். அதற்கு ஒரு படிவம், ஒரு சான்று, ஓர் ஆடிட்டர் வேண்டும். ஆடிட்டர் மாமா ஊரிலேயே இருக்கிறார், ஆனால் அவரிடம் சொல்லாமல் கிளம்பினால்தான் இந்தக் கையேட்டின்படி நடந்ததாகும். பழைய சேமிப்புக் கணக்கையும் வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றாமல் அப்படியே விட்டுவிடுங்கள். என்.ஆர்.ஈ. கணக்கின் வட்டிக்கு வரி இல்லை, என்.ஆர்.ஓ. வட்டியில் 30 சதவீதம் பிடிப்பார்கள் என்ற வித்தியாசத்தை வங்கி மேலாளர் விளக்க வந்தால், அவசர வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்துவிடுங்கள்.

கடைசிப் பாடம், கிளம்புவது. வேலையை விடும் வெளிநாட்டு ஊழியரைப் பற்றிக் கம்பெனி குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே ஆணையத்துக்குப் படிவம் ஐ.ஆர்.21 அனுப்ப வேண்டும். உங்கள் ராஜினாமா தெரிந்த நாளிலிருந்து தர வேண்டிய சம்பளம், விடுப்புப் பணம், போனஸ் எல்லாவற்றையும் நிறுத்தி வைக்க வேண்டும். எச்.ஆர். பெண்மணி புன்னகையோடு சொல்வார்: "இது உங்கள் பணம்தான். ஆனால் இப்போது தர முடியாது." போன ஆண்டு வரிக்கு ஜைரோவில் போட்டிருந்த மிச்சத் தவணைகளும் இந்த ஆண்டின் வரியும் அதில் ஒரே மூச்சில் கழியும். விடைபெறும் விருந்துக்கும் தங்கக் காசுக்கும் அந்தக் கடைசிச் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்கியிருந்தால், பாடம் முழுமையாகப் புரிந்திருக்கிறது என்று பொருள்.

வரி போக மிச்சம் உண்டு, கம்பெனி அதைத் தரும். ஆகவே முன்யோசனையோடு, கிளம்பும் வாரத்திலேயே சிங்கப்பூர் வங்கிக் கணக்கை மூடி, சிம் அட்டையை ஒடித்துப் போட்டுவிடுங்கள். பணத்தை எந்தக் கணக்கில் போடுவது என்று கேட்டு எச்.ஆர். மின்னஞ்சல் அனுப்புவார். அது உங்கள் அலுவலக முகவரிக்குப் போகும். அந்த முகவரியை முந்தின வெள்ளிக்கிழமை மாலையே அவர்களுடைய ஐ.டி. பிரிவு முடக்கியிருக்கும்.