பென்ஷன் வயசில் பேய்ப் பாட்டு

ராக் மியூசிக் எல்லாம் இருபது வயசுப் பையன்கள் சமாச்சாரம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் வாதாடாதீர்கள். கடம்பத்தூர் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் அரக்கோணம் லோக்கலில் ஏற்றிவிடுங்கள். செஞ்சி பானம்பாக்கம், மணவூர், மூன்றாவது திருவாலங்காடு. அங்கே இறங்கி ஆட்டோ பிடித்துக் கோயிலுக்குப் போகச் சொல்லுங்கள். உலகத்தின் முதல் ஹெவி மெட்டல் பாடகி அங்கேதான் இருக்கிறார். அவர் இளமையை முதலில் கழற்றிக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் பாடவே உட்கார்ந்தார்!

ஆமாம், காரைக்கால் அம்மையாரேதான். பக்தர்கள் அடிக்க வர வேண்டாம், கும்பிட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இயற்பெயர் புனிதவதி. வசதியான வணிகர் வீட்டுப் பெண், அழகி. ஒரு மாம்பழ விவகாரத்தில் 'நம்ம வீட்டுக்காரி சாதாரண மனுஷி இல்லை' என்று கணவன் பரமதத்தனுக்குத் தெரிந்துபோகிறது. வேறு ஆளாக இருந்தால் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பான். இவர் வியாபாரத்துக்குப் போகிறேன் என்று கப்பலேறி, பாண்டிய நாட்டில் செட்டிலாகி, இன்னொரு கல்யாணமும் செய்துகொண்டார். பிறந்த பெண் குழந்தைக்கு 'புனிதவதி' என்றே பெயர் வேறு! இரண்டாம் மனைவி இதற்கு என்ன சொன்னார் என்பதைச் சேக்கிழார் நாகரிகமாக விட்டுவிட்டார்.

சொந்தக்காரர்கள் அம்மையாரைப் பல்லக்கில் ஏற்றி அங்கே கொண்டுபோய் நிறுத்தினால், பரமதத்தன் பெண்டாட்டி பிள்ளையோடு காலில் விழுகிறார். புருஷனே காலில் விழுந்த பிறகு இந்த அழகை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது? அம்மையார் சிவனிடம் கேட்டு வாங்கியது பேய் உருவம். சதை உதிர்ந்து எலும்பும் தோலுமாக, தலையாலே நடந்து கயிலைக்குப் போனார். திருவாலங்காட்டில் அவன் ஆடும்போதெல்லாம் காலடியில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்க பர்மிஷனும் வாங்கினார். ரிட்டயர்மென்ட் என்ற பேச்சுக்கே இடமில்லாத வேலை!

அவர் பாடிய பதிகங்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். சுடுகாடு, எரிகிற பிணம், நரி, ஆந்தை, மண்டை ஓடு, நிணம் தின்னும் பேய்கள். பின்னணி வாத்தியத்துக்கு ஒரு பட்டியலே கொடுக்கிறார்: குடமுழா, துந்துபி, தக்கை, கொக்கரை, கரடிகை, மொந்தை, மத்தளம். நடுவில் பாவம், ஒரு வீணையும் உண்டு. இத்தனை முழக்கத்துக்கு நடுவில் அந்த வீணை யார் காதில் விழுந்திருக்கும்? அதையும் அந்தச் சிவனே வாசித்தாராம். யார் போய் வால்யூமைக் குறைக்கச் சொல்வது?

சோழர் காலத்துச் சிற்பிகளும் அம்மையாரை அழகுபடுத்த நினைக்கவில்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கும் வெண்கலச் சிலையைப் பாருங்கள். தொங்கின மார்பு, துருத்திய எலும்பு, கையில் தாளம், முகத்தில் அப்படியொரு சந்தோஷம். ஃபில்டர் போடாத ஆல்பம் கவர் என்றால் அதுதான்.

இதெல்லாம் நடந்து சுமார் பதினான்கு நூற்றாண்டு கழித்து, இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் நாலு பையன்கள் 'நாங்கள்தான் புதுசாகக் கண்டுபிடித்தோம்' என்ற நினைப்பில், 1970 பிப்ரவரி 13, ஒரு வெள்ளிக்கிழமை, 'பிளாக் சப்பாத்' என்று ஆல்பம் போட்டார்கள். பேய், சாவு, காது கிழிகிற சத்தம். அட, திருவாலங்காட்டில் யாராவது கேஸ் போட்டிருக்கலாம்!

அந்த நாலு பேரில் டோனி அயோமி கதையைக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ காக்களூர் எஸ்டேட்டிலோ பிரஸ் ஷாப்பில் நிற்கிற எவரிடமும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பையனுக்குப் பதினேழு வயசு, ஷீட் மெட்டல் ஃபேக்டரியில் வெல்டிங் வேலை. பேண்டோடு டூர் கிளம்பப் போகிறார், அன்றைக்கு வேலையில் கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், 'இனிமேல் போகவில்லை' என்று சொல்கிறார். அம்மா விடுவாரா? எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பினார். பெற்ற தாயின் நல்ல புத்திமதி! அன்றைக்கு பிரஸ் ஆபரேட்டர் லீவு. டோனியை அந்த மெஷினில் நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் போயின.

இடது கைப் பழக்கக்காரர் என்பதால் கிடார் தந்தியை அழுத்துவது அந்த வலது கைதான். கதை முடிந்தது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஃபேக்டரி ஃபோர்மேன் வந்து ஒரு ரெக்கார்டைக் கொடுத்தார், ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது. அந்த மனுஷர் தீ விபத்தில் இரண்டு விரல் செயலிழந்த பிறகும் கிடாரில் கொடி கட்டிப் பறந்தவர். டோனி உடனே பாத்திரம் கழுவும் லிக்விட் டப்பாவை உருக்கி, விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் துண்டு ஒட்டி மாட்டிக்கொண்டார். கெட்டித் தந்தியை அழுத்தினால் வலி. அதனால் மெல்லிய தந்தி, கொஞ்ச நாளில் சுருதியையும் இறக்கித் தளர்த்தி வைத்தார். அதில்தான் அந்தக் கனத்த, இருண்ட சத்தம் இன்னும் கனத்தது. உலகம் முழுக்க இளைஞர்கள் நரகத்தின் ஓசை என்று மெய்சிலிர்த்த விஷயத்தில் பாதி, பாத்திரம் கழுவும் டப்பாவின் கைங்கரியம்.

பாட்டுக்காரர் ஓஸி ஆஸ்போர்ன் பூர்வாசிரமத்தில் என்ன செய்தார் தெரியுமா? கார் ஹாரனுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். சத்தியமாக! அவருடைய அம்மா வேலை பார்த்த லூகாஸ் ஃபேக்டரியில். 1961-ல் டிவிஎஸ்ஸோடு கூட்டுச் சேர்ந்து சென்னைக்கு வந்து, பாடியில் ஒரு பஸ் ஸ்டாப்புக்கே பெயரைக் கொடுத்ததே, அதே லூகாஸ்தான். நாள் பூரா காதருகே ஹாரன் அடித்துப் பார்த்த மனுஷரிடம் போய் மெல்லிசை எதிர்பார்த்தால் எப்படி?

சரி, இவர்கள் எல்லாம் இளமையில் சத்தம் போட்டார்கள், அதில் அதிசயமில்லை. வயசான பிறகு என்ன ஆனார்கள் என்பதில்தான் சுவாரஸ்யம்.

தி ஹூ பேண்டின் பீட் டவுன்ஷெண்ட், 1965-ல் இருபது வயசில், கிழவனாவதற்குள் செத்துப்போனால் தேவலை என்ற அர்த்தத்தில் ஒரு பாட்டு எழுதினார். இளைஞர் கூட்டம் கொண்டாடித் தீர்த்தது. 2025-ல் எண்பது வயசில் மேடை ஏறி, கையைச் சுழற்றிச் சுழற்றிக் கிடார் அடித்தார். அது 'பிரியாவிடை' டூர். ஏற்கெனவே 1982-லும் ஒருமுறை பிரியாவிடை கொடுத்தவர்கள் அவர்கள்!

இந்தப் பிரியாவிடை விஷயத்தில் ராக் உலகத்துக்கும் தி.நகர் ஜவுளிக்கடைகளின் 'ஆடித் தள்ளுபடி கடைசி நாள்' போர்டுக்கும் வித்தியாசமே கிடையாது. ஓஸி 1992-ல் 'நோ மோர் டூர்ஸ்' என்று ஒரு டூர் போனார். மூன்றே வருஷத்தில், ரிட்டயர்மென்ட் படு போர் என்று பச்சையாகப் பெயர் வைத்தே இன்னொரு டூர். 2018-ல் 'நோ மோர் டூர்ஸ் டூ'. சினிமாவுக்குப் பார்ட் டூ எடுப்பார்கள், ஓய்வுக்கே பார்ட் டூ எடுத்தவர் இவர் ஒருத்தர்தான்.

மிக் ஜாகர் இன்னும் விசேஷம். நாற்பத்தைந்து வயசில் 'சாடிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டைப் பாடிக்கொண்டிருப்பதைவிடச் செத்துப்போவேன் என்று வாலிபத்தில் அவர் வாயைவிட்டதாகச் சொல்வார்கள். 2003 ஏப்ரல் 4 அன்று ரோலிங் ஸ்டோன்ஸ் பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் ஆடியபோது அவருக்கு 59 வயசு. டிரம்மர் சார்லி வாட்ஸுக்கு 61. அன்றைய தமிழ்நாட்டு அரசுக் கணக்கில் ரெண்டு பேருமே 58-ல் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள்! 2019-ல் ஜாகருக்கு இதய வால்வு ஆபரேஷன். இரண்டரை மாசத்தில் மறுபடி மேடையில் ஓட்டம். 2024-ல் எண்பது வயசில் அதே பாட்டைப் பாடி ஊர் ஊராகக் கச்சேரியை முடித்தார். அந்த டூருக்கு ஸ்பான்சர் யார்? பீர் கம்பெனியா? இல்லை. ஏஏஆர்பி. ரிட்டயரானவர்களுக்காகவே தொடங்கப்பட்ட அமெரிக்கச் சங்கம்.

கூட்டாளி கீத் ரிச்சர்ட்ஸ் 2006-ல் ஃபிஜி தீவில் மரத்திலிருந்து விழுந்து மண்டையில் ஆபரேஷன் செய்துகொண்டார். அப்போது வயசு 62. அத்தனை போதைக்கும் தப்பித்த ஆளைக் கடைசியில் ஒரு மரம் சாய்த்ததே என்று உலகம் பதறியது. எனக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. அறுபத்திரண்டு வயசில் மரத்தில் என்ன வேலை?

ஏசி டிசி பேண்டின் ஆங்கஸ் யங்கைப் பார்த்தால் இன்னும் பாவம். பள்ளிக்கூட யூனிஃபார்ம், அரை டிராயர், டை. அக்கா கொடுத்த ஐடியா அது. பையனாக இருந்தபோது பொருத்தமாகத்தான் இருந்தது. 2025-ல் எழுபது வயசு முடிந்தும் அதே யூனிஃபார்மில் மேடையில் குதித்தார். உலகத்தில் இவ்வளவு காலம் ஒரே ஸ்கூலில் படித்த ஆள் கிடையாது. அரை டிராயரில் நம் நாடும் பின்தங்கவில்லை. ஷில்லாங்கில் 1947-ல் பிறந்த லூ மஜாவ், 1972 முதல் வருஷாவருஷம் மே 24 அன்று பாப் டிலனுக்குப் பிறந்தநாள் கச்சேரி நடத்துகிறார். ஜீன்ஸை வெட்டிய குட்டை டிராயரோடு, நரைத்த தலைமுடி பறக்க.

நம் பக்கத்தில்? டிரம்ஸ் சிவமணி இருக்கிறாரே. 2008-ல் ஐபிஎல் ஆரம்பித்தபோது சேப்பாக்கத்தில் சென்னை அணிக்காக அடித்து நொறுக்கியவருக்கு அப்போதே 48 வயசு. அந்த வருஷம் ஆடிய பந்துவீச்சாளர்கள் பலரும் ரிட்டயராகி கோச், கமென்ட்டேட்டர் என்று உட்கார்ந்தாகிவிட்டது. அறுபதைத் தாண்டிய இவர் இன்னமும் கையில் கிடைத்த தண்ணி கேனையும் சூட்கேஸையும் விடுவதில்லை.

மேடையேறாத ரகம் ஒன்று உண்டு. தொண்ணூறுகளில் மவுன்ட் ரோடு மியூசி மியூசிக்கலில் அப்பா காசில் கிடார் வாங்கி, ஐஐடி சாரங் ராக் ஷோவில் தலையை உதறி உதறி ஆட்டிய அன்பர்கள். இப்போது ஐம்பதைத் தொட்டாயிற்று. ஆட்டிய தலைக்குக் கீழே கழுத்துப் பட்டை, கிடார் பரண் மேலே. சனிக்கிழமை ராத்திரி அதை இறக்கித் தூசி தட்டி ஆம்ப்ளிஃபயரில் சொருகியதும், சமையல்கட்டிலிருந்து ஒரு குரல் வரும்: "ஏங்க, பிபி மாத்திரை போட்டீங்களா?" எந்த டிஸ்டார்ஷன் பெடலும் அந்தக் குரலை மிஞ்சியதில்லை.

ஆனால் காது விஷயத்தில் மட்டும் கிண்டல் வேண்டாம். தி ஹூ 1976-ல் லண்டன் சார்ல்டன் மைதானத்தில் 32 மீட்டர் தள்ளி அளந்தபோதே 126 டெசிபல் காட்டி கின்னஸில் ஏறினார்கள். பிற்பாடு, போட்டி போட்டுக் காதைக் கெடுத்துக்கொள்கிறார்களே என்று கின்னஸே அந்தப் பிரிவை மூடிவிட்டது. டவுன்ஷெண்டுக்குக் காது பாதி போய், உள்ளே எப்போதும் ஒரு ரீங்காரம். உள்காதில் இருக்கும் மெல்லிய மயிர் செல்கள் சத்தத்தில் செத்தால் திரும்ப முளைக்காது. தலைக்காவது டிரான்ஸ்பிளான்ட் உண்டு, இதற்கு அதுவும் இல்லை. முதலில் போவது கீச்சு ஒலி கேட்கும் திறன். அதனால் ஐம்பது வயசு கிடாரிஸ்ட் தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று டிரெபிளை ஏற்றுவார். அவருக்குச் சரியாக இருக்கும். பக்கத்து வீட்டுக் குழந்தை அலறும்.

ஓஸிக்கு வருகிறேன். வௌவாலை ரப்பர் பொம்மை என்று நினைத்து மேடையில் கடித்து, நிஜம் என்று தெரிந்ததும் ரேபிஸ் ஊசி போட ஓடிய அதே ஆசாமி, 2025 ஜூலை 5 அன்று, தான் வளர்ந்த தெருவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் வில்லா பார்க் மைதானத்துக்கு வந்தார். பார்க்கின்சன் நோய், நிற்க முடியவில்லை. கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தே பாடினார். பக்கத்தில் 77 வயசு டோனி, அதே விரல் தொப்பிகளோடு. 'தி எண்ட்' என்று பெயர் வைத்த டூரோடு 2017-லேயே கடையை மூடியவர்கள்தான் இருவரும்! பதினேழு நாள் கழித்து, 76 வயசில் ஓஸி போய்ச் சேர்ந்தார். நம் கோயில்களில் அறுபத்து மூவர் வரிசையில் மற்ற எல்லாரும் நிற்க, உட்கார்ந்திருப்பது காரைக்கால் அம்மையார் ஒருவர்தான். உட்கார்ந்து பாடுவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை என்பதற்கு நாயன்மார் சாட்சியே இருக்கிறது.

ஆகவே, பரண் மேல் கிடார் வைத்திருக்கும் ஐம்பது பிளஸ் அன்பர்களே! முடிக்குச் சாயம், தொப்பையை அமுக்கும் தோல் பேன்ட் இதெல்லாம் வேண்டாம். உட்கார நல்ல நாற்காலியாகப் பாருங்கள். 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல்தான் அனுமதி, தொழிற்பகுதிக்கு 75. எனவே ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் இல்லாத ஷெட் எதையாவது வாடகைக்குப் பிடியுங்கள், இருபது டெசிபல் லாபம். ராத்திரி பத்து மணிக்குள் மூட்டை கட்டிவிடுங்கள். அப்படியே உங்கள் கம்பெனி சேஃப்டி ஆபீசர் இலவசமாகக் கொடுத்து, நீங்கள் டிராயரில் போட்டு வைத்திருக்கும் இயர் பிளக்கைத் தயவுசெய்து காதில் மாட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு ஜோடி கொடுங்கள்.