தொட்டில் ஆட்டினா தொப்பை குறையுமா, மருமவனே?

ஏ மருமவனே, மணிக்கட்டுல புதுசா என்னமோ மின்னுதே! 45 வயசுல தெனமும் பத்தாயிரம் அடி நடக்கியாமே? ஒங்கம்மா பெருமையாச் சொன்னா. ஒங்கக்கா பேத்திய தொட்டில்ல போட்டு ஆட்டுனப்பவே கணக்கு மளமளன்னு ஏறிச்சாமே, அதையும் அவதான் சொன்னா. அந்தக் கடிகாரம் ஒங் காலையா பாக்குது? கை அசையுறத வச்சுத்தான எண்ணுது. பேசாம அதக் கழட்டி நம்ம மயிலக்காள கொம்புல கட்டி விடு; சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே நீதான் மொதலாவதா வருவ.

அந்தப் பத்தாயிரம்ங்கிறதும் எந்த டாக்டரும் எழுதிக் குடுத்த சீட்டு இல்லடா. 1964-ல டோக்கியோவுல ஒலிம்பிக் நடந்துச்சு. அந்தச் சூடு ஆறுறதுக்குள்ள, மறு வருசமே ஜப்பான்காரன் இடுப்புல மாட்டி அடி எண்ணுற மீட்டர் ஒண்ணை வித்தான். சரக்கு ஓடணும்னு அவன் போட்ட ரவுண்டு கணக்கு அது. உலக சுகாதார நிறுவனம் கேக்கிறது அம்புட்டு இல்ல. வாரத்துக்கு 150 நிமிசம், லேசா மூச்சு வாங்குற வேகத்துல நடந்தாப் போதும். நாளுக்கு அரைமணின்னு வச்சா அஞ்சு நாளு. மிச்சம் ரெண்டு நாளு ஒனக்கு லீவு. அந்த ரெண்டு நாளும் வீட்டுத் தண்ணிக்குடத்த நீ தூக்கு. தசைக்கு வாரம் ரெண்டு நாளு வேலை குடுன்னும் அவங்களேதான் சொல்லிருக்காங்க. ஒம் பொண்டாட்டி மயங்கி விழுந்தா நான் பொறுப்பில்ல.

நீ நடக்கிறதுல குத்தமில்ல, திரும்புற வழிதான் சரியில்ல. முக்குக்கடை பெஞ்சுல ரெண்டு உளுந்த வடை, சீனி தூக்கலா ஒரு டீ. அரைமணி நடந்து எரிச்சத அஞ்சு நிமிசத்துல வட்டியோட திருப்பிக் கட்டிடுற. ஆனா போன்ல சாப்பாட்டுக் கணக்கப் பாத்தா, கீரைக் கூட்டும் கொள்ளு ரசமுமா சாமியார் மடம் மாதிரி இருக்கு! போனுகிட்டப் பொய் சொல்லிரலாம்டா. பேண்ட் பட்டன் ஒத்துக்கிடாதே.

கேக்கிறதா இருந்தா மாமன் ரெண்டு சொல்லுதேன். போன் வந்தா உக்காராத, நடந்துக்கிட்டே பேசு. நீ பேசுற ஊர்வம்புக்கு தெனமும் மூணு மைலு தேறும். அப்புறம், வாயில வைக்கிறதுக்கு முன்னாடி தட்ட ஒரு போட்டோ எடுத்து, தோஸ்துமாரு வாட்ஸ்ஆப் குரூப்புல போடு. மூணாவது பரோட்டாவப் பாத்து நாலு பேரு சிரிச்சான்னா, நாலாவது தானா எறங்காது.

மாசம் ஒருக்கா தையக்காரர் டேப்ப வாங்கி இடுப்ப அள. நம்ம நாட்டு ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர்தான் எல்லை. தாண்டுனா சக்கரையும் பிரஷரும் வாசல்ல வந்து நிக்கும். அளக்கையில மூச்ச உள்ள இழுக்கப்படாது, ஆமா!

நாளைக்குக் காலையில கம்மாக்கரைக்கு வா. 71 வயசு மாமன் முன்னால போறேன். நீ எட்டிப் பிடிச்சுட்டன்னா வடை என் செலவு. ஒண்ணே ஒண்ணுதான்!